கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் ஏன் பார்க்கிறோம்?

கேள்வி இதுதான்: பழைய கொலை மர்மப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? படம் மெதுவாகப் போகிறது, பாதியிலேயே கொலைகாரன் யாரென்று ஊகித்துவிட முடிகிறது, இன்றைய த்ரில்லர்களோடு வைத்துப் பார்த்தால் திருப்பங்களும் குறைவு. அப்படியிருந்தும் ஒரு கூட்டம் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதே, வெறும் பழைய ஞாபகப் பாசமா?

பாசம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1931-ல் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு படத்தை, அந்த மொழி தெரியாத, அந்தக் காலத்தில் பிறக்கக்கூட இல்லாத ஒருவர் இன்றைக்கு நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார் என்றால், அதை ஞாபகப் பாசக் கணக்கில் எழுத முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

என் பதிலை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்தப் படங்களைப் புதிருக்காகப் பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். நம்மை உட்கார வைப்பது பொய். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்வதை இவ்வளவு கிட்டத்திலிருந்து, இவ்வளவு நேரம், நாம் மாட்டிக்கொள்ளாமல் வேடிக்கை பார்க்க வேறு எங்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. பழைய படங்கள் அந்த வாய்ப்பைப் புதிய படங்களைவிடத் தாராளமாகக் கொடுத்தன. அதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் கெட்டிக்காரத்தனத்தால் வந்தவை இல்லை, வேறு வழியில்லாமல் வந்தவை.

ஒரு எச்சரிக்கை: புதிய பறவை, டபுள் இண்டெம்னிட்டி இரண்டின் முடிவையும் கீழே சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விஷயத்தை விளக்க வழியில்லை. பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

முதலில் புதிர் விஷயத்தை முடித்துவிடுவோம். தி பிக் ஸ்லீப் என்று 1946-ல் ஒரு படம் வந்தது. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கம், ஹம்ப்ரி போகார்ட் துப்பறிவாளர், லாரன் பகால் நாயகி, ரேமண்ட் சாண்ட்லரின் நாவல். கதையில் ஒரு கார் டிரைவர் கடலில் காரோடு பிணமாகக் கிடைக்கிறான். அவனை யாராவது கொன்றார்களா, அவனே செத்தானா என்று படப்பிடிப்பில் குழப்பம் வந்து, நாவலை எழுதிய சாண்ட்லரிடமே கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்று அவர் சொன்னது சினிமா உலகில் பிரபலமான கதை. இதைவிட வேடிக்கை அடுத்தது. 1945-ல் தயாரான முதல் வடிவத்தில், யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்று அரசு வக்கீலின் அறையில் உட்கார்ந்து விளக்கும் காட்சி ஒன்று இருந்தது. பிறகு சில பகுதிகளை மறுபடி எடுத்தபோது அதைத் தூக்கிவிட்டு, போகார்டும் பகாலும் ஒருவரையொருவர் சீண்டிப் பேசும் காட்சிகளைச் சேர்த்தார்கள். கதை புரிவது குறைந்தது, படம் இன்னும் நன்றாகிவிட்டது. அந்தப் படத்தின் கதையை முழுதாகச் சொல்லச் சொன்னால் அதன் பரம ரசிகர்களே திணறுவார்கள். திணறிக்கொண்டே மறுபடியும் பார்ப்பார்கள்.

ஆக, புதிர் ஒரு சாக்கு. நாலு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் 'நேற்று ராத்திரி எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்பதற்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது. மற்ற எந்த வகைக் கதையிலும் அறிமுகமில்லாத ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். கொலை நடந்த வீட்டில் மட்டும் பதில் சொல்லியே ஆகவேண்டும். நல்ல மர்மப் படத்தில் ஐந்து பேர்மீது சந்தேகம் இருந்தால் ஒருவர் கொலையை மறைக்கிறார். மற்ற நாலு பேரும் வேறு எதையோ மறைக்கிறார்கள். கடன், கள்ள உறவு, பொறாமை, சின்னத்தனமான ஒரு திருட்டு. கொலையைவிட இந்த நாலும்தான் சுவாரசியம்.

வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த அந்த நாள் (1954) இதற்குக் கச்சிதமான உதாரணம். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டி நடக்கிற கதை. ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறான். படம் தொடங்கியதுமே சாகிறான், அதுவும் சிவாஜி கணேசன். நாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டு மிச்சப் படத்தை எப்படி ஓட்டுவது? சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் (திரைக்கதை வசனமும் அவர்தான்) வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருப்பவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கிறார். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் இன்னொருவர் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ராஜன் எப்படிப்பட்டவன் என்பதைவிடச் சொல்கிறவர் எப்படிப்பட்டவர் என்பது நமக்கு அதிகம் தெரியவருகிறது. அகிரா குரோசாவாவின் ராஷோமோன் (1950) உலகத்துக்கே அறிமுகப்படுத்திய அமைப்பு இது. காட்டில் நடந்த ஒரே சாவை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், அதில் ஒருவர் செத்தவரே, ஆவியாக வந்து சொல்வார். செத்தவர்கூட உண்மை பேசுவார் என்று நம்ப முடியாது என்பதுதான் அந்தப் படத்தின் குறும்பு.

அந்த நாள் படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாட்டு இருந்தால் பார்ப்பவருக்கு ஒரு இடைவேளை கிடைத்துவிடும். எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பதை ஐந்து நிமிஷம் நிறுத்தலாம். இங்கே அந்த விடுப்பு இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவும் விடாமல் முகத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறது.

இன்னொரு கோடியில் புதிய பறவை (1964). தாதா மிராசி இயக்கம். பாட்டுகளுக்குக் குறைவில்லை, வண்ணப் படம், மாளிகை, கப்பல் எல்லாம் உண்டு. கோபாலுக்கு ரயிலைக் கண்டால் நடுக்கம். முதல் மனைவி சித்ரா தண்டவாளத்தில் விழுந்து செத்துப்போனாள் என்று லதாவிடம் சொல்கிறான். லதாவோடு கல்யாணம் நிச்சயமாகிற நேரத்தில் சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். இவள் சித்ரா இல்லை என்று கோபால் கத்துகிறான், யாரும் நம்பவில்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல், சித்ரா செத்துவிட்டாள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவனே கொட்டிவிடுகிறான்: அடித்தது அவன், அவள் சுருண்டு விழுந்தாள், தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலையாக்கியதும் அவன். அந்த வாக்குமூலத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சித்ராவாக வந்தவள் போலி, லதா போலீஸ், லதாவின் அப்பாவாக வந்தவரும் அதே கூட்டம்.

முதல் தடவை பார்க்கும்போது இது அதிர்ச்சி. இரண்டாவது தடவைதான் படம் பிரமாதம். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் நடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்க்கிறோம். நடுவில் கோபாலும் நடிக்கிறான், தான் நிரபராதி என்று. சரோஜாதேவி கண்கலங்குகிற ஒவ்வொரு இடத்திலும், இது லதா என்ற போலீஸ்காரி போடும் வேஷமா, அவனை நிஜமாகவே நேசிக்கத் தொடங்கிவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. முதல் முறை காதல் காட்சியாகத் தெரிந்தது இப்போது விசாரணையாகத் தெரிகிறது. 'உங்கள் முதல் மனைவியைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற மாதிரியான கேள்விகள் எத்தனை இயல்பாக வருகின்றன என்று கவனியுங்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்கிறவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். ஒரு பிரிட்டிஷ் படம், அதிலிருந்து ஒரு வங்காளப் படம், அதிலிருந்து தமிழ் என்று கை மாறி வந்த கதை இது. மூன்று மொழியிலும் நின்றது என்றால் அடியில் இருக்கும் சரக்கு கெட்டி.

அந்தக் கால நடிப்பைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: நாடகத்தனம், ஒவ்வொரு வசனமும் அளந்து பேசியது போல இருக்கிறது என்று. குடும்பக் கதையில் அது உறுத்தலாம், சரி. மர்மப் படத்தில் அதுவே பலம். நாகரிகமும் மரியாதையும் நல்ல உச்சரிப்பும் ஒரு முகமூடி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதானே கதையே. ஹிட்ச்காக்கின் டயல் எம் ஃபார் மர்டர் (1954) படத்தில் ரே மில்லாண்ட் தன் மனைவியைக் கொல்வதற்கு, கல்லூரிக்காலத்தில் தெரிந்த ஒருவனை வீட்டுக்கு அழைத்துப் பேசும் நீளமான காட்சி இருக்கிறது. குடிக்க ஊற்றிக் கொடுக்கிறார், பழைய கதைகள் பேசுகிறார், குரல் ஒரு இடத்திலும் உயர்வதில்லை. பேச்சுவாக்கில் ஒரு கடிதம் கைதவறி விழுவது போல விழுகிறது, வந்தவன் மரியாதைக்காகக் குனிந்து எடுத்துத் தருகிறான். அவ்வளவுதான், அவனுடைய கைரேகை கடிதத்தில் பதிந்துவிட்டது, இனி அவனால் போலீசுக்குப் போக முடியாது. அதோடு, வந்தவன் தொட்ட இடங்களை மில்லாண்ட் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசுகிறார். ஒரே அறை, இரண்டு பேர், வெறும் பேச்சு. பத்து நிமிஷம் துரத்தலில் வராத படபடப்பு அதில் வருகிறது.

கைரேகை என்றதும் அடுத்த விஷயம். பழைய படங்களின் துப்பறிவாளரிடம் இருந்த ஆயுதங்கள் ரொம்பக் குறைவு. கைரேகை உண்டு. உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-லேயே கல்கத்தாவில் தொடங்கிவிட்டது, அதனால்தான் பழைய படத்துக் கொலைகாரர்கள் எல்லோரும் கையுறை போடுகிறார்கள். ஆனால் குற்ற விசாரணைக்கு மரபணுச் சோதனை வந்தது 1980-களின் நடுவில். தெருவுக்குத் தெரு கேமரா கிடையாது. யார் எந்த நிமிஷம் எங்கே இருந்தார் என்று சொல்ல செல்போன் கோபுரம் கிடையாது. துப்பறிவாளர் என்ன செய்வார்? பேச்சுக் கொடுப்பார். பேச விடுவார். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் இருக்கும் இடைவெளியில் விரலை நுழைப்பார். இன்றைய படத்தில் இந்த வேலையைச் சோதனைக்கூடம் செய்துவிடுகிறது. திரையில் இரண்டு வரைபடம் ஒத்துப்போகிறது, பச்சை விளக்கு எரிகிறது, முடிந்தது. அறிவியலுக்கு நல்லது, கோர்ட்டுக்கு மிக நல்லது, கதை சொல்கிறவருக்குப் பெரிய நஷ்டம். எந்திரத்திடம் யாராலும் பொய் சொல்ல முடியாது. பொய் இல்லாத இடத்தில் காட்சி இல்லை.

போனும் அப்படித்தான். டயல் எம் படத்தின் பெரிய காட்சி முழுவதும் ஒரு தொலைபேசியைச் சுற்றி நடக்கிறது. திரைச்சீலைக்கு முன்னால் மேஜை, மேஜைமேல் போன். கணவன் குறிப்பிட்ட நேரத்தில் வெளியிலிருந்து கூப்பிடவேண்டும், மனைவி எழுந்துவந்து போனை எடுக்கவேண்டும், சீலைக்குப் பின்னால் இருப்பவன் கொல்லவேண்டும். கணவனின் கைக்கடிகாரம் நின்றுபோகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் போன் பூத்தில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டில் காத்திருப்பவன் பொறுமையிழந்து கிளம்பப் பார்க்கிறான். இந்தக் காட்சியை இன்றைக்கு எழுதவே முடியாது. கணவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தால் கதை முடிந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறவர்கள் கதாபாத்திரங்களை மலைப்பங்களாவுக்கு அனுப்பி, வந்து இறங்கியதும் 'அடடா, சிக்னல் இல்லையே' என்று சொல்லவைக்கிறார்கள். பழைய படத்தில் நகரத்தின் நடுவிலேயே ஒரு ஆள் எட்டாத இடத்தில் இருக்க முடிந்தது.

இப்போது, காட்டாமல் விட்டதைப் பற்றி. ஹாலிவுட்டில் 1930-ல் ஒரு ஒழுக்க விதித் தொகுப்பு எழுதப்பட்டது. 1934 முதல் ஜோசப் ப்ரீன் தலைமையில் கண்டிப்பாக அமலானது. 1968-ல்தான் அதை எடுத்துவிட்டு வயதுக்கேற்ற தரச்சான்று முறையைக் கொண்டுவந்தார்கள். கொலையை விவரமாகக் காட்டக்கூடாது, குற்றவாளி தண்டனை பெறாமல் தப்பக்கூடாது, குற்றத்தின் மேல் அனுதாபம் வரும்படி எடுக்கக்கூடாது. கேட்டால் கலைக்கு விலங்கு போட்டது போலத்தான் தெரியும். பல படங்கள் அதில் நாசமாகவும் செய்தன. தி பேட் சீட் (1956) என்ற படத்தில் கொலைகாரி ஒரு சின்னப் பெண். நாடகத்தில் அவள் தப்பித்துவிடுவாள். படத்தில் விதிக்காக வானத்திலிருந்து மின்னலை இறக்கி அவளைக் கொன்றார்கள். அது போதாதென்று, கடைசியில் நடிகர்களை அறிமுகப்படுத்தும் சாக்கில் அம்மாவாக நடித்தவர் அந்தப் பெண்ணை மடியில் போட்டு அடிப்பது போல ஒரு விளையாட்டுக் காட்சி வேறு. சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் கெட்டிக்காரர்கள் கையில் இதே விதி வேறு மாதிரி வேலை செய்தது. பில்லி வைல்டரின் டபுள் இண்டெம்னிட்டி (1944). ஜேம்ஸ் கேய்ன் எழுதிய கதை. 1930-களின் நடுவில் ப்ரீன் அலுவலகம் இதைப் படமாக்கவே கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நெஃப் என்பவனும் ஃபிலிஸ் என்ற பெண்ணும் சேர்ந்து அவளுடைய கணவனைக் கொல்கிறார்கள். அவள் கார் ஓட்டுகிறாள், பக்கத்தில் கணவன், பின்சீட்டுக்குக் கீழே நெஃப் ஒளிந்திருக்கிறான். இருட்டான தெருவில் திரும்பி அவள் மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள், அதுதான் அடையாளம். பக்கத்து சீட்டில் கழுத்தை நெரிக்கும் சத்தம் கேட்கிறது. கேமரா அங்கே போகவில்லை, ஃபிலிஸாக நடிக்கும் பார்பரா ஸ்டான்விக்கின் முகத்திலேயே நிற்கிறது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பயம் இல்லை, அருவருப்பு இல்லை, கடைசியில் ஏதோ ஒரு நிம்மதி லேசாகப் படர்கிறது. நெரிப்பதைக் காட்டியிருந்தால் ஒரு கொலையைப் பார்த்திருப்போம். இப்போது ஒரு கொலைகாரியைப் பார்த்துவிட்டோம்.

ஃப்ரிட்ஸ் லாங்கின் எம் (1931) இதற்கும் முன்னால். நான் தொடக்கத்தில் சொன்ன ஜெர்மன் படம் அதுதான், லாங் எடுத்த முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்கிறவனைப் பற்றியது. அந்தக் கொடுமையைக் காட்ட யாருக்கும் மனம் வராது, லாங்கும் காட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மகள் வரவில்லை என்று அம்மா மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறாள். காலியான படிக்கட்டு. துணி காயும் காலியான மச்சு. மேஜையில் மகளுக்காக வைத்த காலித் தட்டு. புதருக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் வாங்கிக் கொடுத்த பலூன் தந்திக் கம்பியில் சிக்கி ஆடுகிறது. அவ்வளவுதான். கொலைகாரன் வரும்போதெல்லாம் ஒரே மெட்டில் சீட்டி அடிப்பான். பார்வையில்லாத பலூன் வியாபாரி ஒருவர் அந்தச் சீட்டியை வைத்தே அவனைக் கண்டுபிடிக்கிறார். பேசும் படம் வந்து சில வருஷத்துக்குள் சத்தத்தையே தடயமாக்கிய மூளை அது. இதில் அமெரிக்க விதி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். காட்டாமல் விடுவது சென்சாருக்குப் பயந்து மட்டும் வந்த பழக்கம் இல்லை.

ஹிட்ச்காக்கின் சைக்கோவில் (1960) வரும் குளியலறைக் கொலைக் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். முக்கால் நிமிஷக் காட்சிக்கு ஏழு நாள் படப்பிடிப்பு, ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப், பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள். அந்தக் காட்சியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கப்புறம் வருவது. விடுதி நடத்தும் நார்மன் பிணத்தைக் காரில் போட்டுச் சதுப்புக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் முழுகிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் முகத்தில் பயம். நமக்கும் மூச்சு நிற்கிறது. பிறகு கார் மெதுவாக உள்ளே போகிறது, நாமும் மூச்சு விடுகிறோம். யாருக்காக மூச்சு விட்டோம்? சாட்சியத்தை அழிக்கிறவனுக்காக! டபுள் இண்டெம்னிட்டியிலும் இதே போல ஒரு கார் உண்டு. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு இருவரும் வந்து ஏறுகிறார்கள், கார் கிளம்பமாட்டேன் என்கிறது. ஒரு முறை, இன்னொரு முறை. கிளம்பித் தொலையேன் என்று நாம் மனசுக்குள் கத்துகிறோம்.

தண்டனை நிச்சயம் என்ற விதி இங்கேதான் எதிர்பாராத உதவி செய்தது. எப்படியும் மாட்டப்போகிறான் என்று பார்ப்பவருக்கும் தெரியும், எடுப்பவருக்கும் தெரியும். அதனால் ஒன்றரை மணி நேரம் அவன் பக்கம் நின்று பார்ப்பதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. வைல்டர் இன்னும் ஒரு படி போனார். நெஃப் குண்டடிபட்ட தோளோடு நள்ளிரவில் ஆபீசுக்கு வந்து, ஒலிப்பதிவு எந்திரத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதில்தான் படமே ஆரம்பிக்கிறது. யார் கொன்றது என்ற கேள்விக்கு முதல் சில நிமிஷத்திலேயே பதில். மிச்சமிருப்பது அவன் தன் நண்பரும் சக ஊழியருமான கீஸிடம் எப்படிப் பொய் சொன்னான் என்பது. எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கீஸ், பொய் இன்சூரன்ஸ் கோரிக்கைகளை மோப்பம் பிடிப்பதில் புலி. அவரிடம் எப்போதும் சுருட்டு இருக்கும், தீக்குச்சி இருக்காது. நெஃப்தான் ஒவ்வொரு முறையும் நகத்தால் குச்சியை உரசிப் பற்றவைப்பான். கடைசியில் நெஃப் தரையில் சாய்ந்து கிடக்கும்போது அவன் சிகரெட்டுக்குக் கீஸ் குச்சி உரசுகிறார். எதிரே உட்கார்ந்திருந்தவனை மட்டும் அவரால் மோப்பம் பிடிக்க முடியவில்லை. கொலைக் கதை என்று உட்கார்ந்தோம், இரண்டு ஆண்களின் நட்புக் கதையாக முடிகிறது.

நிழலும் வெளிச்சமும் பற்றிக் கொஞ்சம். ஜெர்மனியில் 1920-லேயே டாக்டர் கலிகாரி படத்தில் நிழலைச் சுவரில் பெயிண்டால் வரைந்து வைத்தார்கள். அந்தப் பள்ளியில் வளர்ந்த லாங், ராபர்ட் சியோட்மாக் போன்றவர்கள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறிக் கடைசியில் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்கள்; பெர்லினில் சினிமா எழுதிக்கொண்டிருந்த வைல்டரும் அப்படித்தான். கூடவே நிழலும் போனது. சின்ன பட்ஜெட் படங்களுக்கு அது வரப்பிரசாதம்: செட் போட காசில்லாவிட்டால் பாதி அறையை இருட்டில் விட்டுவிடலாம். ஜன்னல் சட்டங்களின் நிழல் கோடு கோடாக ஆள்மேல் விழுந்தால் சிறைக்கம்பி தயார். குரோசாவாவின் ஹை அண்ட் லோ (1963) கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரே ஒரு இடத்தில் புகைபோக்கியிலிருந்து எழும் புகை மட்டும் இளஞ்சிவப்பாக வரும். கடத்தல்காரனைப் பிடிக்க உதவும் தடயம் அந்தப் புகை. அந்த நிறத்தைப் பார்த்த கணத்தில் ஏற்படும் திடுக்கிடல் முழு வண்ணப் படத்தில் சாத்தியமே இல்லை.

எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. சைக்கோவின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று வகுப்பெடுக்கிறார், அந்தக் காட்சி அன்றும் இன்றும் அறுவை. பெண் என்றால் மயக்கிக் கெடுப்பவள் அல்லது கண்ணீர் விடுபவள், இரண்டே வகை என்று எடுத்த படங்கள் ஏராளம். மனநோய் என்றால் கொலைவெறி என்று சுலபமாக முடிச்சுப் போட்டார்கள். அதனால் உண்டான கெடுதல் சினிமாவோடு நிற்கவில்லை. நம் பக்கத்துப் படங்களில் மர்மம் சூடுபிடிக்கிற நேரத்தில் நகைச்சுவை ஜோடி ஒன்று வந்து கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். முழுதாக உட்கார்ந்து பார்ப்பதே நியாயம் என்று நினைப்பவன்தான் நான், ஆனாலும் அந்தப் பகுதிகளை ஓட்டிவிடுகிறவர்களைக் கண்டித்ததில்லை. மெதுவாகப் போகிறது என்ற குறையிலும் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி பார்க்கிற விதத்தில் இருக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு, வசனத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்றுமே கிடைக்காது. பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில்தான் பல காட்சிகளே நடக்கின்றன.

எங்கே தொடங்குவது? தமிழில் அந்த நாள், அப்புறம் புதிய பறவை. அதன்பின் வீணை பாலசந்தரின் பொம்மை (1964); ஒரு பொம்மைக்குள் குண்டு, அது கை மாறிக்கொண்டே போகிறது. யார் கொலைகாரன் என்பது இல்லாமலே எவ்வளவு பதற்றம் கொடுக்கலாம் என்று தெரியும், கடைசியில் நடிகர்கள், கலைஞர்கள் எல்லோரையும் இயக்குநரே திரையில் தோன்றி அறிமுகம் செய்வதும் புதுமை. வெளிநாட்டுப் படங்களில் டபுள் இண்டெம்னிட்டியும் எம்மும் முதலில். டி.ஓ.ஏ. (1950) காப்புரிமை இல்லாத படம், இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஒருவன் போலீஸ் நிலையத்துக்குள் நடந்துவந்து, ஒரு கொலையைப் பற்றிப் புகார் சொல்லவேண்டும் என்கிறான். யார் கொலையானது என்று கேட்டால், நான்தான் என்கிறான். விஷம் கொடுத்துவிட்டார்கள், சாவதற்குள் கண்டுபிடிக்கவேண்டும். இதைவிட நல்ல தொடக்கம் உள்ள படம் குறைவு, நடுப்பகுதி சுமார்தான். வண்ணம் பூசிய பதிப்புகளைத் தொடாதீர்கள். இருட்டு இருக்கவேண்டிய இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும்.

பொய்யைப் பற்றி இவ்வளவு பேசியதால் ஒரு படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன் (1957). வைல்டர் இயக்கம், அகதா கிறிஸ்டியின் நாடகம், வக்கீலாகச் சார்லஸ் லாட்டன், சாட்சிக் கூண்டில் மார்லீன் டீட்ரிச். கூண்டில் நிற்கிறவர் எப்போது பொய் சொல்கிறார், எப்போது உண்மை சொல்கிறார் என்பதைத் தவிரப் படத்தில் வேறு எதுவுமே இல்லை. படம் முடிந்ததும் ஒரு குரல், இதுவரை பார்க்காத நண்பர்களிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும். அதனால் அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதவில்லை. பார்த்து முடித்த கையோடு மறுநாள் இன்னொரு தடவை போடுங்கள், டீட்ரிச் வரும் இடங்களை மட்டுமாவது.